நிறைகுடம் தளும்புமா?

‘நிறைகுடம் தளும்பாது, குறைகுடம் கூத்தாடும்’ என்பது நம் முன்னோர் வழங்கிய முதுமொழி. கல்வி நிறைந்தோர் அடக்கத்துடன் விளங்குவர் என்பதையும், அரைகுறையாகக் கற்றோர் ஆரவாரம் செய்வர் என்பதையும் உணர்த்த இதனை நாம் வகுப்பறைகளில் எடுத்தாள்கிறோம். பொருள் சொல்லி, வாக்கியம் அமைக்கச் செய்து, அடுத்த பழமொழிக்குச் சென்றுவிடுகிறோம். ஆயின், இம்முதுமொழி அறநெறியாக உருப்பெறுவதற்கு முன்னர் கண்ணாற் கண்ட ஓர் உண்மையாக இருந்தது என்பதை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு கலத்துள் நீர் இருக்கிறது, அக்கலம் அசைகிறது, அப்போது கலமும் நீரும் ஒன்றையொன்று எவ்வாறு ஆட்டுவிக்கின்றன? இதுவே அம்முதுமொழிக்குள் அடங்கிய வினா. இவ்வினா முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக உலகின் தலைசிறந்த கணித மேதைகளை ஆட்கொண்டது என்பதும், அவர்தம் வரிசையில் தமிழ்க் குடும்பத்தில் தோன்றிய அறிஞர் ஒருவர் உயர்ந்த இடம் பெற்றார் என்பதும் நம் மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய செய்திகளாகும். அவ்வரலாற்றைச் சுருங்க உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் குறைகுடத்தின் கூத்தினை நோக்குவோம். ஒரு வாளியில் முக்கால் பங்கு நீர் நிரப்பி நடந்தால், நீரின் மேற்பரப்பு முன்னும் பின்னும் சாய்ந்தாடும். ஊஞ்சலுக்கு ஓர் இயல்பான ஆட்டக்காலம் இருப்பதுபோலவே, வாளியின் அகலத்திற்கும் நீரின் ஆழத்திற்கும் ஏற்ப அந்நீருக்கும் ஓர் ஆட்டக்காலம் உண்டு. நம் நடையின் தாளம் அதனோடு ஒத்துவிடுமாயின், ஒவ்வோர் அடியும் ஆட்டத்தை வளர்க்கும். சில அடிகளுக்குள் நீர் விளிம்பைத் தாண்டிச் சிந்தும். இதனை நம் மக்கள் நூலிற் படித்து அறிந்தவரல்லர், உழைப்பால் அறிந்தனர். சொகூர் மாநிலத்து இரப்பர்த் தோட்டங்களில் காண்டாக் கம்பின் இருமுனைகளிலும் பால் வாளிகளைத் தொங்கவிட்டு, மேடும் பள்ளமுமான பாதையில் நடந்த நம் பாட்டாளிகள், வாளியின் ஆட்டத்தோடு தம் நடையைப் பொருந்தவிடாமல் அடியை மாற்றி வைக்கப் பழகியிருந்தனர். கிணற்று நீரைச் சுமப்போர் நீரின்மேல் இலைக்கொத்து ஒன்றினை மிதக்கவிடும் வழக்கமும் உண்டு. மிதக்கும் இலைகள் மேற்பரப்பின் அசைவை உராய்ந்து தணிக்கின்றன. பெயர் சூட்டாவிடினும் அஃது அறிவியலே.

அதே உண்மை பெரிய அளவில் வருங்கால் உயிர்ப்பிரச்சினையாக மாறுகிறது. குளுவாங்கிலிருந்தும் கோத்தா திங்கியிலிருந்தும் செம்பனை எண்ணெயைச் சுமந்து பாசிர் கூடாங் துறைமுகத்தை நோக்கிச் செல்லும் தாங்கி லோரிகளை நாம் சாலையில் காண்கிறோம். பாதி நிரம்பிய தாங்கியோடு வளைவில் திரும்பும் வண்டியில் எண்ணெய் முழுவதும் ஒருபுறம் சாய்கிறது; அதன் எடை மையம் விலகுகிறது; வண்டியைக் கவிழ்க்கும் விசை பெருகுகிறது. இவ்வகை வண்டிகளின் தாங்கிக்குள் தடுப்புத் தகடுகள் பொருத்துவதும், தாங்கியைப் பல அறைகளாகப் பிரிப்பதும் இதன்பொருட்டே. எண்ணெய்க் கப்பல்களுக்கும் இது பொருந்தும். அகன்ற தாங்கியொன்றை நெடுக்காக இரண்டாகப் பிரித்தால், திறந்த மேற்பரப்பினால் கப்பலின் நிலைப்பாட்டிற்கு ஏற்படும் இழப்பு நான்கில் ஒரு பங்காகக் குறையும். மூன்றாகப் பிரித்தால் ஒன்பதில் ஒரு பங்காகும். இவ்விழப்பு அகலத்தின் மும்மடிப் பெருக்கத்தைச் சார்ந்திருப்பதால், அறைகளின் எண்ணிக்கை பெருகப் பெருக அதன் இருமடிப் பெருக்கத்தின் அளவில் தீங்கு குறைகிறது. ஒரு சுவர் எழுப்பும் சிறு செயலுக்கு இத்துணைப் பயன் உண்டென்பதைக் கணிதம் காட்டுகிறது.

அச்சுவர் இல்லாதவிடத்து நேர்வது யாதென்பதற்கு வரலாறு சான்று பகரும். 1987ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 6ஆம் நாள், பெல்சிய நாட்டுச் சீபுரூக் துறைமுகத்திலிருந்து ‘எரால்டு ஆஃப் ஃபிரீ எண்டர்பிரைசு’ என்னும் பயணக் கப்பல் முன்புறக் கதவு மூடப்படாமலே புறப்பட்டது. கார்கள் நிறுத்தும் தளம் குறுக்குச் சுவரற்ற பெருங்கூடம். அதனுட் புகுந்த கடல்நீர் ஒருபுறமிருந்து மறுபுறம் தடையின்றிப் பாய்ந்தது. கப்பல் மிக விரைவில் கவிழ்ந்தது. 193 பேர் மாண்டனர். குறைகுடம் ஆடிய கூத்து அது.

இதுகாறும் முதுமொழியின் பிற்பகுதியைக் கண்டோம். இனி முற்பகுதிக்கு வருவோம். கலம் முழுவதும் நிரம்பி, காற்றுக்குமிழி ஒன்றேனும் இல்லாமல் மூடப்பட்டிருக்குமாயின், திறந்த மேற்பரப்பு என்பது இல்லை. தளும்புதற்கு இடமும் இல்லை. அவ்வாறாயின் நீர் நிறைந்த கலம் முழுத் திண்பொருளைப்போல அமைதியாக நடந்துகொள்ளுமன்றோ? நிறைகுடம் தளும்பாது என்பது எப்போதும் மெய்தானோ? இவ்வினாவை முதலில் கணிதத்தால் ஆராய்ந்தவர்களுள் ஒருவர் அறிஞர் ஸ்டோக்ஸ். 1843ஆம் ஆண்டில் அவர் நீர் நிறைந்த மூடிய பெட்டியின் அசைவை ஆராய்ந்தார். உராய்வற்ற நீர்மம் என்று கொண்டால், பெட்டிக்குள் இருக்கும் நீருக்கு மாற்றாகத் தக்கதொரு திண்பொருளை வைத்துக் கணக்கிடலாம் என்று கண்டார். 1885ஆம் ஆண்டில் உருசிய நாட்டு அறிஞர் சுக்கோவ்ஸ்கி, எவ்வடிவ உட்குழிவாயினும் அதில் நிறைந்துள்ள நீர்மத்திற்கு இவ்விதி பொருந்தும் என்று விரிவாக நிறுவினார். தொடக்கத்தில் நீருக்குள் சுழிப்பு இல்லாதிருத்தல் வேண்டும் என்பதே நிபந்தனை. பின்னாளில் உருசியாவில் வானூர்தி அறிவியலின் தந்தை எனப் போற்றப்பட்டவர் இவரே.

இவ்விரு அறிஞர் கண்ட முடிவுகள் நம் முதுமொழிக்கு அரண் செய்வனபோல் தோன்றுகின்றன. ஆயின், இவ்விருவர்க்கும் இடைப்பட்ட காலத்தில் ஓர் எளிய சோதனை அறிஞருலகை வியப்பில் ஆழ்த்தியது. அதனைச் செய்தவர், பின்னாளில் கெல்வின் பிரபு எனப் பெயர்பெற்ற வில்லியம் தாம்சன். 1876, 1877ஆம் ஆண்டுகளில் அவர் இதனை அறிவித்தார். மெல்லிய உலோகத்தால் இரு கூடுகள் செய்யப்பெற்றன. ஒன்று, ஆரஞ்சுப் பழத்தைப்போல அச்சின் இருமுனைகளிலும் சற்றே தட்டையானது. அதனைத் தட்டைக்கோளம் என்போம். மற்றொன்று, முட்டையைப்போல அச்சுத் திசையில் சற்றே நீண்டது. அதனை நீள்கோளம் என்போம். இரண்டிலும் நீர் முழுமையாக நிரப்பப்பட்டது. இரண்டும் பம்பரம்போல் விரைந்து சுழற்றப்பட்டன. தட்டைக்கோளம் திண்மையான பம்பரம்போலவே நிலையாக நின்று சுழன்றது. நீள்கோளமோ, எத்துணை விரைவாகச் சுழற்றினும், விட்டவுடன் தள்ளாடித் தன் சுழற்சியை இழந்தது. நிறைகுடங்கள் இரண்டு, நீர் ஒன்றே, வேறுபாடு வடிவில் மட்டுமே இருந்தது.

இதன் காரணத்தை 1880ஆம் ஆண்டில் கிரீன்ஹில் என்னும் கணித அறிஞர் விளக்கினார். அச்சின் நீளம், நடுப்பகுதியின் அகலத்தைவிடக் குறைவாயின் சுழற்சி நிலைக்கும். அகலத்தைவிட மிகுந்து, அதன் மூன்று மடங்கிற்குட்பட்டதாயின் நிலைக்காது. மூன்று மடங்கையும் கடந்து நீளுமாயின் மீண்டும் நிலைப்பாடு கிட்டும். இதன் பொருள் யாது? சுழலும் நீர் வெறும் பாரமன்று. மேற்பரப்பு இல்லாவிடினும், சுழற்சியாலேயே அந்நீர் ஒருவகை விறைப்பைப் பெறுகிறது; தனக்கென உள்ளலைகளைப் பெறுகிறது. கூடு சிறிது சாய்ந்தால், உள்ளிருக்கும் நீர் சுவரின்மேல் அழுத்தம் செலுத்துகிறது. அவ்வழுத்தம் சாய்வை மீட்பதாக அமையின் நலம்; சாய்வை வளர்ப்பதாக அமையின் கேடு. எது நிகழும் என்பதை வடிவமே முடிவு செய்கிறது. சுக்கோவ்ஸ்கியின் விதியோடு இது முரண்படவில்லை. அவர் சுழிப்பற்ற நீரைப் பற்றிக் கூறினார். கெல்வினுடைய கூட்டுள் இருந்ததோ கூட்டோடு சேர்ந்து சுழலும் நீர். எனவே, ‘நிறைகுடம் தளும்பாது’ என்பது சுமந்து செல்லும் குடத்திற்கு மெய். சுழலும் குடத்திற்கு வடிவம் அறிந்தே விடை கூறவியலும்.

இச்செய்தி ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடவில்லை. நாம் வாழும் நிலவுலகமே நீர்மம் நிறைந்த ஒரு கூடுதானா என்னும் பெருவழக்கு அந்நூற்றாண்டில் நடந்தது. 1839ஆம் ஆண்டு முதற்கொண்டு ஹாப்கின்ஸ் என்னும் கேம்பிரிட்சு ஆசிரியர், நிலவுலகின் அச்சு ஏறத்தாழ 26,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை வட்டமிடும் அயனசலனத்தைச் சான்றாகக் கொண்டு, நிலத்தின் திண்ணிய ஓடு குறைந்தது அதன் ஆரத்தில் நான்கில் அல்லது ஐந்தில் ஒரு பங்கு தடிமனாவது உடையதாதல் வேண்டும் என்று வாதிட்டார். கெல்வினும் முதலில் இவ்வாதத்தை ஏற்று வலுப்படுத்தினார். பின்னர், தட்டைக்கோளக் கூட்டுள் சுழலும் நீர் திண்பொருள்போலவே கூட்டைப் பின்தொடரும் என்பதை உணர்ந்தவுடன், அயனசலன வாதத்தை 1876ஆம் ஆண்டில் வெளிப்படையாகக் கைவிட்டார். கடல் ஏற்றவற்றத்தைக் கொண்டு அமைத்த தம் மற்றொரு வாதத்தை மட்டும் நிலைநிறுத்திக்கொண்டார். புகழின் உச்சியில் இருந்த ஒருவர், தம் கொள்கையின் ஒரு தூண் சரிந்ததை அறிஞர் அவையில் ஒப்புக்கொண்டது நம் மாணவர்க்கு நாம் எடுத்துக்கூற வேண்டிய பண்பாகும்.

1895இல் ஹாஃப் என்பவரும், 1910இல் பிரெஞ்சுப் பேரறிஞர் புவான்காரேயும் இக்கணக்கினை மேலும் செம்மைப்படுத்தினர். 1906இல் ஓல்டாம் நிலநடுக்க அலைகளைக் கொண்டு நிலத்தின் மையக்கரு உண்டென்று காட்டினார். அக்கரு நீர்மநிலையில் உள்ளது என்பதை 1926இல் ஜெஃப்ரிஸ் நிறுவினார். அதனுள்ளும் திண்ணிய உட்கரு ஒன்றுண்டு என்பதை 1936இல் டென்மார்க்கு நாட்டு அம்மையார் இங்கே லேமான் கண்டறிந்தார். ஆக, நம் காலடியில் ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் உருகிய இரும்பு நிறைந்த பெருங்குடம் ஒன்று சுழன்றுகொண்டிருக்கிறது. நிலவுலகின் நடுக்கோட்டு ஆரம் துருவ ஆரத்தைவிட ஏறத்தாழ 21 கிலோமீட்டர் மிகுதியானது. உள்ளிருக்கும் நீர்மக் கருவும் அவ்வாறே தட்டையானது. கெல்வினுடைய சோதனையில் நிலைத்து நின்ற கூட்டின் இனத்தைச் சேர்ந்தது நம் உலகம். அந்நீர்மக் கருவுக்கே உரிய மெல்லிய அசைவினை, நெடுந்தொலைவிலுள்ள வானொலி விண்பொருள்களை நோக்கி இன்று அளந்தறிகின்றனர். அதன் காலம் ஏறத்தாழ 430 நாள்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இவ்வாய்வு வேறொரு தேவையை முன்னிட்டு மீண்டும் உயிர்பெற்றது. நீர்மம் நிறைந்த பீரங்கிக் குண்டுகள் பறக்கையில் தள்ளாடின. சோவியத்து நாட்டுக் கணித அறிஞர் சோபலெவ் அக்காலத்தில் நீர்மம் நிறைந்த பம்பரத்தின் இயக்கத்தை ஆராய்ந்தார். அவ்வாய்வு 1960ஆம் ஆண்டிலேயே வெளியுலகிற்கு வந்தது. 1959இல் ஆங்கில நாட்டுக் கீத் ஸ்டூவர்ட்சன், உருளை வடிவ உட்குழிவில் நீர்மம் கொண்ட பம்பரத்தை ஆராய்ந்து ஓர் அரிய விதியைக் கண்டார். நீரின் உள்ளலைக் காலமும் பம்பரத்தின் தள்ளாட்டக் காலமும் ஒத்துவிட்டால் பம்பரம் வீழும் என்பதே அது. வாளி சுமந்தவர் நடைக்கும் நீரின் ஆட்டத்திற்கும் இடையே கண்ட அதே ஒத்திசைவு, மேற்பரப்பே இல்லாத மூடிய கலத்திலும் உண்டென்பது இதனால் தெளிவாயிற்று.

விண்வெளிக் காலத்தில் இவ்வறிவின் தேவை பன்மடங்கு பெருகிற்று. விண்கலம் ஒன்றின் எடையில் பெரும்பங்கு நீர்ம எரிபொருளே. 1958ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் அமெரிக்கா ஏவிய முதற் செயற்கைத் துணைக்கோளாகிய ‘எக்சுபுளோரர் 1’ பென்சில்போல் நீண்ட வடிவினது. நீள அச்சில் சுழலவிடப்பட்ட அது, விரைவில் தலைகுப்புறப் புரளத் தொடங்கிற்று. அதற்குக் காரணம் நீர்மமன்று; வளையும் தன்மையுடைய அலைவாங்கிக் கம்பிகள். ஆயினும் விதி ஒன்றே. உள்ளுக்குள் உராய்வு இருந்தால் ஆற்றல் தேய்கிறது. சுழல் உந்தமோ மாறுவதில்லை. குறைந்த ஆற்றலில் அதே உந்தத்தைத் தாங்க வேண்டுமாயின், பொருள் தன் குறுகிய அச்சைச் சுற்றித் தட்டைப்போலச் சுழலுதல் வேண்டும். 2007ஆம் ஆண்டு மார்ச்சில் பசிபிக் பெருங்கடலின் குவாஜலின் பவளத்தீவிலிருந்து ஏவப்பட்ட ‘பால்கன் 1’ ஏவூர்தியின் இரண்டாம் பயணத்தில், இரண்டாம் அடுக்கிலிருந்த நீர்ம ஆக்சிசன் தளும்பிக் கட்டுப்பாட்டைக் குலைத்தது. அத்தாங்கியில் தடுப்புத் தகடுகள் இல்லை. திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் இந்தியா தன் நீர்ம எரிபொருள் எந்திரங்களைச் சோதிக்கிறது. அங்குப் பணிபுரிவோர்க்கும் குறைகுடத்தின் கூத்து அன்றாடக் கணக்கே.

இனி, முன்னர்க் குறித்த தமிழ்க் குடும்பத்து அறிஞரைக் காண்போம். சுப்பிரமணியன் சந்திரசேகர் 1910ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள் இலாகூரில் பிறந்தார். இளமையில் தந்தையார் அவருக்குக் கணிதமும் இயற்பியலும் கற்பித்தார்; அன்னையார் சீதாலட்சுமி தமிழ் கற்பித்தார். நார்வே நாட்டு நாடக ஆசிரியர் இப்சனின் ‘பொம்மை வீடு’ நாடகத்தைத் தமிழாக்கிய பெருமைக்குரியவர் அவ்வம்மையார். சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும், பின்னர் மாநிலக் கல்லூரியிலும் பயின்ற சந்திரசேகர், 1930ஆம் ஆண்டில் கப்பலேறி இங்கிலாந்து செல்லும் வழியிலேயே விண்மீன்களின் இறுதிநிலை பற்றிய கணக்கினைத் தொடங்கினார். 1983இல் நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பெற்றது. இவையெல்லாம் பலரும் அறிந்தவை. அவர் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் உழைத்த மற்றொரு துறையைப் பலர் அறியார்.

கூட்டின் சுவரே இல்லாமல், தன் ஈர்ப்பால் தானே திரண்டு சுழலும் நீர்மத் திரள் எவ்வடிவங்கொள்ளும்? எவ்வடிவம் நிலைக்கும்? இவ்வினாவை 1687இல் நியூட்டன் தொடங்கி வைத்தார். 1742இல் மெக்லாரின் தட்டைக்கோள வடிவங்களைத் துல்லியமாக நிறுவினார். மூன்று அச்சுகளும் வெவ்வேறான நீள்வட்டத் திண்மமும் நிலைபெறக்கூடும் என்று 1834இல் யாக்கோபி காட்டினார். டிரிக்லே, டெடகிண்டு, ரீமன் ஆகியோர் அதனை மேலும் வளர்த்தனர். 1885இல் புவான்காரே பேரிக்காய் வடிவம் ஒன்று தோன்றக்கூடும் என்று கண்டார். அதுவே இரண்டாகப் பிளந்து இரட்டை விண்மீன்களைத் தரும் என்னும் கனவில் அறிஞர் பலர் ஆழ்ந்தனர். அவ்வடிவம் நிலைக்காது என்று லியாப்புனோவும் பின்னர்க் கார்ட்டானும் நிறுவியபோது, கனவு கலைந்தது, துறையே கைவிடப்பட்டது. ரீமன் விட்டுச்சென்ற நற்பணி பாதியில் நின்றது.

பிறர் முடிந்ததெனக் கைவிட்ட அந்நிலத்தைச் சந்திரசேகர் 1960ஆம் ஆண்டுகளில் மீண்டும் உழுதார். நார்மன் லெபோவிட்சு என்னும் இளம் கணித அறிஞருடன் இணைந்து, ஒவ்வொரு வடிவத்தின் நிலைப்பாட்டையும் ஒரே முறையால் ஆராய்ந்து முடித்தார். தட்டைக்கோளத்தின் துருவ அச்சு, நடுக்கோட்டு அச்சில் நூற்றுக்கு 58 பங்கு அளவிற்குக் குறுகும் வரை யாதொரு தீங்குமில்லை. அதற்குமேல் தட்டையானால், நீர்மத்தின் உராய்வே அதனை மெல்ல மெல்லக் குலைக்கும். நூற்றுக்கு 30 பங்கு அளவிற்கு வந்தால் உராய்வின் துணையின்றியே விரைந்து குலையும். உராய்வு நிலைப்பாட்டிற்குத் துணை என்பது நம் பொதுக் கருத்து. ஈண்டோ உராய்வே குலைக்கிறது. கெல்வின் முன்னுணர்ந்த இவ்வுண்மையைக் கணக்கிட்டு நிறுவிய கட்டுரை 1963இல் சந்திரசேகர் ஆசிரியராயிருந்த வானியற்பியல் இதழில் வெளிவந்தது. அதனை எழுதிய இருவருள் ஒருவர் நீர்மப் பம்பரத்தை ஆராய்ந்த அதே ஸ்டூவர்ட்சன். கூட்டுள் அடைபட்ட நீரும் விண்ணில் சுவரின்றித் திரண்ட நீரும் ஒரே கேள்வியின் இரு முகங்கள் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

சந்திரசேகரின் இவ்வாய்வுகள் 1969இல் நூலாக வெளிவந்தன. அடுத்த ஆண்டே அவர், உராய்வு மட்டுமன்றி ஈர்ப்பலை வெளியீடும் சுழலும் விண்மீனைக் குலைக்கவல்லது என்று கண்டார். 1978இல் ஃபிரீட்மனும் சுட்சும் அதனை விரிவுபடுத்தினர். மூவர் பெயராலும் வழங்கும் அவ்விதி, இன்று விரைந்து சுழலும் நியூட்ரான் விண்மீன்களின் ஆராய்ச்சியில் பயன்படுகிறது. பழைய கேள்வி என்று ஒதுக்கப்பட்டது, புதிய வானியலுக்கு வாயிலாயிற்று.

இவ்வரலாற்றால் தமிழாசிரியராகிய நாம் பெறும் படிப்பினை யாது? பழமொழியைக் காட்டி, ‘கெல்வின் கண்டதை நம் முன்னோர் அன்றே கண்டனர்’ என்று மேடையில் முழங்குவது எளிது, கைத்தட்டலும் கிடைக்கும். ஆயின் அது மெய்யன்று. முன்னோர் சுமந்த குடத்தைக் கண்டனர். கண்டதைச் செப்பமாகச் சொன்னார்கள். சுழலும் குடத்தை அவர்கள் ஆராயவில்லை. மறுபுறம், பழமொழி வெறும் பழங்கதை என்று தள்ளுவதும் அறியாமையே. கண்டதைச் சுருங்கச் சொல்லும் ஆற்றல் அறிவியலின் முதற்படி. சொன்னது எங்கே பொய்க்கும் என்று தேடுவது இரண்டாம் படி. முதற்படி நம்மிடம் நிறைய உண்டு. இரண்டாம் படியில் நம் பிள்ளைகளை ஏற்றுவதே நம் கடன்.

2003ஆம் ஆண்டில் நம் நாட்டுப் பள்ளிகளில் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் கொள்கை நடைமுறைக்கு வந்தது. 2009இல் அதனைக் கைவிடும் முடிவு அறிவிக்கப்பட்டது. அக்காலத்தும் அதன் பின்னரும் எம்மொழியில் கற்பிப்பது என்னும் வாதம் ஓய்ந்தபாடில்லை. அவ்வாதம் ஒருபுறம் நிற்க. தமிழ் வகுப்பில் ஒரு பழமொழியை நடத்தும்போது அறிவியல் பேசக்கூடாது என்று எக்கொள்கையும் தடுக்கவில்லை. வேகவைத்த முட்டை ஒன்று, வேகாத முட்டை ஒன்று, ஒரு தட்டு, இவை போதும். இரண்டையும் தட்டில் சுழற்றுக. வெந்தது விரைந்து சுழலும். வேகாதது தயங்கித் தள்ளாடும். சுழலும்போது விரலால் தொட்டு ஒரு நொடி நிறுத்தி விடுக. வெந்தது நின்றுவிடும். வேகாததோ, உள்ளிருக்கும் நீர்மம் சுழற்சியை விடாததால், மீண்டும் தானே சுழலத் தொடங்கும். ‘ஏன்?’ என்று ஒரு மாணவன் வினவுவானாயின், அவன் ஸ்டோக்சும் கெல்வினும் சந்திரசேகரும் நின்ற வாயிலில் நிற்கிறான்.

அவ்வினாவிற்குத் தமிழில் விடை கூற நம்மால் இயலும். நீர்மம், உராய்வு, அச்சு, நிலைப்பாடு ஆகிய சொற்கள் நம்மிடம் உள்ளன. அன்னையிடம் தமிழ் கற்ற ஒரு சிறுவன் விண்மீன்களின் வடிவத்தை அளந்தான். அடுத்தவன் நம் தோட்டப்புறப் பள்ளியிலிருந்து வரக்கூடும். அவன் கேட்கும் கேள்விக்கு இடங்கொடுப்பதற்காகவேனும், பழமொழிக்குப் பொருள் சொல்லி முடித்தவுடன் பாடம் முடிந்தது என்று நாம் நூலை மூடிவிடாதிருப்போமாக.